நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் போதுமா?

கேள்வி: ஆறு வருடமாகச் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று எடுத்து வைக்கிறேன். யார் போனில் கேட்டாலும், வாட்ஸ்அப்பில் யார் படம் வந்தாலும் அனுப்பிவிடுவேன். ஓர் அமைப்புக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகிறது. எதிலும் என்ன ஆயிற்று என்று தெரியாது. இப்போது மூன்று விண்ணப்பங்கள் கையில் இருக்கின்றன: காது கேளாதவர்களுக்கு இலவசமாக மெஷின் தரும் ஓர் அமைப்பு, ஒரு சிறுவனின் அறுவை சிகிச்சைக்கு இணையத்தில் நடக்கும் வசூல், ஒரு குழந்தைகள் இல்லம். "நிர்வாகச் செலவு எதில் குறைவோ அதற்குக் கொடு, வேறு எதையும் பார்க்காதே" என்கிறார் என் மைத்துனர். அது சரியா? ஒன்றுக்கே கொடுக்கலாமா, பிரிக்கலாமா? மாதாமாதம் போவதை நிறுத்தினால் தவறாகிவிடுமா?

பதில்: மைத்துனரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோயாளிகளுக்கு உதவுவதாகச் சொன்ன நான்கு அமைப்புகள் மீது வழக்குத் தொடர்ந்தன. திரட்டியது 18 கோடி டாலருக்கும் மேல். அதில் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம் என்பது குற்றச்சாட்டு. வசூலில் பெரும்பகுதி வசூல் செய்தவர்களுக்கே போகும் இப்படிப்பட்ட இடங்களைக் கழித்துக்கட்ட நிர்வாகச் செலவுக் கணக்கு உதவும். ஆனால் ஓர் அமைப்புக்கு 5 சதவீதம், இன்னொன்றுக்கு 20 சதவீதம் என்று வரும்போது 5-ஐத் தேர்ந்தெடுத்தால் நல்லதைத் தேர்ந்ததாக ஆகாது. நன்கொடையாளர்களுக்கு இந்தச் சதவீதத்தைக் காட்டி வந்தவற்றில் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலயன்ஸ் என்ற மூன்று அமைப்புகளே 2013-ல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டன.

உங்கள் பட்டியலில் உள்ள காது மெஷினையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை. ஒரு மெஷினுக்கு ஒரு பங்கு செலவு. இரண்டு அமைப்புகளுக்கும் ஆளுக்கு 100 பங்கு பணம். முதல் அமைப்பு நிர்வாகத்துக்கு 5 பங்கு எடுத்துக்கொண்டு, முகாம் போட்டு 95 மெஷின் கொடுக்கிறது. வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே அளவு, ஒரே ஒலி அமைப்பு. இரண்டாவது அமைப்பு 30 பங்கை ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறனைச் சோதிக்கும் நிபுணர்) சம்பளம், ஒவ்வொருவருக்கும் கேட்புச் சோதனை, காதுக்கு அச்சு எடுப்பது, ஒரு மாதம் கழித்து ஒலியைத் திருத்துவது, பேட்டரி எங்கே கிடைக்கும் என்று ஏற்பாடு செய்வது ஆகியவற்றுக்குச் செலவிட்டு 70 மெஷின் கொடுக்கிறது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் முதல் அமைப்பின் 95-ல் 25 காதில் இருக்கிறது. மீதி பெட்டியில் தூங்குகிறது. அச்சு சரியில்லை என்றால் மெஷின் கூவும், காது வலிக்கும், பேட்டரி தீர்ந்தால் அதோடு சரி. இரண்டாவது அமைப்பின் 70-ல் 60 காதில் இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள ஒரு மெஷினுக்கு முதல் அமைப்பில் ஆன செலவு 4 பங்கு, இரண்டாவதில் சுமார் 1.7. மைத்துனர் சொன்ன அளவுகோலில் முதல் அமைப்புதான் ஜெயிக்கும்.

அந்தச் சதவீதத்தை அழகாக்குவதும் எளிது. வசூல் கடிதத்தின் அடியில் இரண்டு வரி சுகாதாரக் குறிப்பு அச்சிட்டுவிட்டு, தபால் செலவில் பாதியை "விழிப்புணர்வுத் திட்டம்" என்று எழுதலாம். காலாவதியாகப் போகும் மருந்தை வாங்கி, கடை விலையில் மதிப்புப் போட்டு, வரவிலும் திட்டச் செலவிலும் ஏற்றலாம். மொத்தம் வீங்கும், நிர்வாகம் சுருங்கியதுபோலத் தெரியும். "உங்கள் பணத்தில் 100 சதவீதமும் பயனாளிக்கே" என்ற வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: நிர்வாகச் செலவை வேறு ஒரு நன்கொடையாளர் ஏற்கிறார். செலவு மறையவில்லை, பெயர் மாறியிருக்கிறது. கணக்கு எழுத ஆள் வைக்காத, ஊழியருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காத அமைப்பில்தான் பணம் காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: என் பணம் போனதால், போகாமல் இருந்திருந்தால் நடந்திருக்காத எது நடந்தது? கொஞ்சம் சுற்றி வளைத்த கேள்விதான். ஆனால் நல்ல அமைப்பையும் நல்லதுபோலத் தெரியும் அமைப்பையும் பிரித்துக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை.

நல்லெண்ணத்தோடு செய்தும் பலிக்காமல் போனவை ஏராளம். கென்யாவில் பள்ளிகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டு பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமரும் சகாக்களும் ஆய்ந்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: சராசரி மாணவரின் மதிப்பெண் உயரவில்லை, முன்பே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அதை வாசிக்கவே வரவில்லை. அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனை எதிர்பாராத நல்ல செய்தியைத் தந்தது. கொசுவலையை இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், கொஞ்சமாவது விலை வைக்க வேண்டும் என்று பலர் வாதாடி வந்தார்கள். ஜெசிகா கோஹெனும் பாஸ்கலின் தூபாவும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, இலவசமாகப் பெற்றவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தவில்லை என்று காட்டியது. விலை வைத்தபோது வாங்குபவர்கள்தான் வெகுவாகக் குறைந்தார்கள். தீங்கே செய்த திட்டமும் உண்டு. தடம் மாறக்கூடிய சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் ஒரு முறை 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் பிரபலமானது. பின்னர் ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி அழைத்துப் போகப்பட்டவர்கள்தான் அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். நல்லெண்ணமும் நேர்மையான கணக்கும் இருந்தும் இப்படி ஆகலாம் என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்கச் சொல்கிறேன். "முகாமுக்கு முன் இப்படி, பின் இப்படி" என்ற படம் போதாது. பலர் அந்த உதவி இல்லாமலும் ஓரளவு முன்னேறியிருப்பார்கள்.

இனி செய்முறை. ஓர் அமைப்புக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். முதலில் அது பதிவு பெற்றதா, பதிவு இப்போதும் செல்லுபடியாகிறதா என்று அரசுப் பதிவேட்டில் பாருங்கள். இந்தியாவில் தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்பண் தளம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையப் பதிவேடு, அமெரிக்காவில் தொண்டு அமைப்புகள் வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவம், ஆஸ்திரேலியாவில் தொண்டு அமைப்புகளுக்கான தேசிய ஆணையத்தின் பதிவேடு என்று நாட்டுக்கு நாடு மாறும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற அமைப்பின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது பழைய தந்திரம். பணம் அனுப்பும் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். நிர்வாகியின் சொந்தக் கணக்கு என்றால், அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு இருப்பதே நற்சான்றிதழ் ஆகிவிடாது. இல்லாதவர்களை ஒதுக்க மட்டும் அது உதவும்.

அடுத்து மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு. ஓர் ஆண்டு போதாது, ஏனெனில் ஒரே ஒரு பெரிய நன்கொடை அந்த ஆண்டின் முகத்தையே மாற்றிவிடும். தணிக்கையாளர் கடிதத்தில் "இதற்கு உட்பட்டு", "இது நீங்கலாக" என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். வந்தால் அதன் பின்னால் உள்ள பத்தியை முழுவதும் படியுங்கள். கையிருப்பை ஆண்டுச் செலவால் வகுத்து 12-ஆல் பெருக்கினால், புதுப் பணம் வராமல் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் அடுத்த சம்பளத்துக்கே தடுமாறுகிறார்கள். நான்கைந்து வருடத்துக்கான பணம் சும்மா இருக்கிறது என்றால், அது எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை உங்கள் பணம் அங்கே அவசரமில்லை. கடைசிப் பக்கங்களில் அறங்காவலர்களோடோ அவர்களது உறவினர்களோடோ நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பு இருக்கும். தலைவரின் கட்டடத்துக்கு அமைப்பு வாடகை கொடுப்பது தன்னளவில் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் கெட்ட அறிகுறி.

பிறகு ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம், நான்கு கேள்வி போதும். போன ஆண்டு எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் நின்றது, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு ஆனது? எது சரியாக வரவில்லை, அதனால் எதை மாற்றினீர்கள்? கூடுதல் பணம் வந்தால் அதை எதில் போடுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "எல்லாம் நன்றாகவே நடக்கிறது" என்று பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை குறையும். வேலை செய்கிற எந்த அமைப்பிலும் ஏதாவது ஒன்று தவறியிருக்கும். நான்காவது கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கலாம், ஆனால் ஆளோ மருந்தோ இல்லாமல் பணம் மட்டும் குவிவது நடக்கிற காரியம். 2004 டிசம்பரில் வந்த சுனாமிக்குப் பின் சில நாட்களிலேயே "எல்லைகளற்ற மருத்துவர்கள்" அமைப்பு, அந்தப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த அமைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சிறிய அமைப்பு என்றால் பதில் வர இரண்டு வாரம் பொறுங்கள். அங்கே கணக்கு எழுதுபவரும் கடிதம் எழுதுபவரும் ஒருவராகவே இருப்பார்.

இந்த வேலையையெல்லாம் முழுநேரமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2007-ல் தொடங்கிய கிவ்வெல், ஆய்வுச் சான்றும் செலவுக் கணக்கும் பார்த்து மிகச் சில திட்டங்களையே பரிந்துரைக்கிறது: கொசுவலை, மலேரியாக் காலத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை, வைட்டமின் ஏ போன்றவை. எண்ணிப் பார்க்க முடிந்ததற்கு இது நல்ல வழிகாட்டி. சட்ட உதவி, நிலத்தடி நீர், ஊனமுற்றோர் உரிமை போன்றவற்றை இந்தத் தராசில் நிறுக்க முடியாது, அதனால் அவை மட்டம் என்றும் ஆகிவிடாது. அவற்றில் ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு நின்று வேலை செய்திருக்கிறார்கள், அங்குள்ள மக்களுக்கு அமைப்பின் முடிவுகளில் பங்கு உண்டா என்று பாருங்கள்.

உங்கள் மூன்று விண்ணப்பங்களில் காது மெஷின் அமைப்பிடம் என்ன கேட்க வேண்டும் என்பது மேலேயே வந்துவிட்டது. ஆறு மாதக் கணக்கு அவர்களிடம் இருந்தால் கொடுங்கள். இல்லை, ஆனால் எடுக்க விரும்புகிறார்கள் என்றால், அந்தக் கணக்கெடுப்புக்கென்றே ஒரு தொகை கொடுக்கலாம்.

அறுவை சிகிச்சை வசூலில் அவசரம் நிஜமாக இருக்கலாம், அதனால்தான் ஏமாற்றுபவர்களும் அங்கே வருகிறார்கள். மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டில் நோயாளியின் பதிவு எண், தேதி, மருத்துவர் பெயர் இருக்க வேண்டும். வசூல் நடக்கும் இணையப் பக்கத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து அழையுங்கள். நோயாளியின் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பதிவு எண்ணின் பேரில் நேரடியாகப் பணம் கட்டலாமா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். முடியுமென்றால் அங்கேயே கட்டுங்கள். இணையத் தளம் வழியாகத்தான் முடியும் என்றால் தளம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, பணம் குடும்பத்தின் கைக்குப் போகிறதா மருத்துவமனைக்குப் போகிறதா, மிஞ்சினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் "தளத்துக்கான அன்பளிப்பு" என்று ஒரு தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கலாம். அதைக் குறைக்கவோ நீக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு குழந்தையின் முகம் நம்மை அசைக்கும் அளவுக்கு ஆயிரம் குழந்தைகளின் எண்ணிக்கை அசைப்பதில்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் மட்டும் பார்த்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள்; அதோடு பசியைப் பற்றிய புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது குறைவாகக் கொடுத்தார்கள். மனிதமனம் அப்படித்தான் ஆகியிருக்கிறது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆண்டுப் பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென்று தனியே வைத்துவிட்டால் போதும்.

குழந்தைகள் இல்லத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, படிப்புச் செலவு, ஊனம் ஆகியவைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வரும்போது படுக்கைகளை நிரப்பி வைக்க ஒரு தூண்டுதல் உண்டாகிறது. குடும்பங்களிடம் போய்ப் படிப்பு ஆசை காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்த இல்லங்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. போன ஆண்டு எத்தனை குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தீர்கள், சேர்த்தபின் போய்ப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஒருவரையும் இல்லை என்றால் யோசியுங்கள். குழந்தை நல அதிகாரிகளின் உரிமம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கோப்பு, ஊழியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியவை கட்டாயம். பிறந்தநாளுக்குப் போய்க் குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்துச் சோறு போட்டுப் படம் எடுக்க யாரையும் விடும் இல்லம், குழந்தைகளின் பாதுகாப்பில் அசட்டையாக இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து படிக்கக் குடும்பத்துக்கு உதவும் அமைப்பு ஒன்று கிடைத்தால், உங்கள் நிலையில் நான் அதற்கே கொடுப்பேன்.

பொருளாகக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் அளவில் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி அங்கே தேவைப்படாதது, பலவற்றின் சீட்டு உள்ளூர்க்காரர்களுக்குப் படிக்க முடியாத மொழியில் இருந்தது. அதை அழிக்கவே தனியாகப் பணம் தேவைப்பட்டது. பழைய துணிக்கும் இதே கதிதான்: பிரிக்க ஆள், வைக்க இடம், கொண்டுபோக வண்டி. கேட்டால் ஒழியப் பொருள் அனுப்பாதீர்கள்.

போனில் கேட்பவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் கொடுக்காதீர்கள். அழைப்பவர் பல நேரம் கமிஷனுக்கு வேலை செய்யும் வசூல் நிறுவனத்தின் ஆள். "எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்; உண்மையான அமைப்பு அனுப்பும். "இன்றிரவுக்குள் கொடுத்தால் இன்னொருவர் அதே தொகையைச் சேர்ப்பார்" என்பதற்கும் ஓடாதீர்கள், அந்த இன்னொருவர் பெரும்பாலும் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்.

பிரிப்பது பற்றி: பத்து இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போனால் ரசீது, தபால், நன்றிக் கடிதம் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேயும், பத்தையும் உங்களால் கவனிக்கவும் முடியாது. இரண்டு அல்லது மூன்று இடம் போதும். ஆண்டுப் பணத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தை ஆராய்ந்து தேர்ந்த அமைப்புகளுக்கு வையுங்கள். 15 சதவீதம் சோதனைக்கு: புதிய அமைப்புக்குச் சிறு தொகை கொடுத்து, ரசீது வருகிறதா, கேட்காமலே அறிக்கை வருகிறதா, அல்லது அடுத்த வாரமே இன்னும் கேட்டு அழைக்கிறார்களா என்று ஓர் ஆண்டு பாருங்கள். மிச்சம் 15 சதவீதம் தெரிந்தவரின் மருத்துவச் செலவு, வாசலில் வந்து கேட்பவர், மனதை உலுக்கும் ஒரு முகம் ஆகியவற்றுக்கு. அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். தேர்ந்த அமைப்புக்குக் கொடுக்கும்போது "இந்த வகுப்பறைக்கு மட்டும்" என்று கட்டுப்படுத்தாமல் பொதுச் செலவுக்குக் கொடுங்கள். வகுப்பறைக்குக் கொடுக்கப் பலர் இருப்பார்கள், ஆசிரியரின் சம்பளத்துக்கும் தணிக்கைக் கட்டணத்துக்கும் ஆள் கிடைப்பதில்லை.

மாதாமாதம் போவதை நிறுத்துவதில் தவறில்லை, ஆனால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அந்த வரவை நம்பித்தான் அவர்கள் ஆள் நியமிக்கிறார்கள். முதலில் மேலே சொன்ன நான்கு கேள்விகளை அவர்களுக்கும் அனுப்புங்கள். ஆறு வருடம் கொடுத்தவர் கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு, பதிலைப் பார்த்து நீங்களே தொடர விரும்பக்கூடும். நிறுத்துவதென்று முடிவானால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கடைசித் தொகை போனபின் வங்கியில் நிலையான உத்தரவை நீங்களே ரத்து செய்யுங்கள், அமைப்பு செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த இரண்டு மாத வங்கி அறிக்கையில் அந்தப் பெயர் மறுபடி வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.